பானட்டில் மூன்று கோடு

மணி பதினொன்று ஐந்து. பல் டாக்டரிடம் என் டோக்கன் பதினான்கு. உள்ளே வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர் பதினொன்று. பன்னிரண்டு மணிக்குள் நான் ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பியாக வேண்டும், ஆமாம் அல்லது இல்லை, அதற்குமேல் அந்த அம்மாளுக்கு என்னிடம் எதுவும் வேண்டாம். ஓர்நெல்லா என்று பேர். இத்தாலியில் என்றைக்கோ மூடிப்போன பெல்லாண்டி என்ற கார் கம்பெனியின் பழைய போட்டோக்களைப் பெட்டி பெட்டியாகக் காப்பாற்றி வைத்து இப்போது புத்தகமாகப் போடுகிறாள். நூற்றுப் பதினான்காம் பக்கம் உங்களுடையது திரு சென்னியப்பன், முழுப் பக்கத்துக்காகப் பெரிய ஸ்கேன் எடுத்திருக்கிறோம், ஒருமுறை பார்த்து உறுதி செய்தால் காலை எட்டரைக்கு அச்சுக்குப் போய்விடும் என்று எழுதியிருக்கிறாள். அங்கே எட்டரை என்றால் காந்திபுரத்தில் பன்னிரண்டு. காலை ஆறு மணிக்கு அந்த ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். அதைப் பார்த்ததும் பல் வலித்ததா, பல் வலித்ததால் எழுந்து அதைப் பார்த்தேனா, எது முதல் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வலப்பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல். நாக்கு போய்ப் போய் அதையே தொடுகிறது, தொடாதே என்றால் இன்னும் இரண்டு தரம் தொடுகிறது. பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தன் போனில் யாரோ பேசி அனுப்பியதை ஊருக்கே கேட்கும்படி வைத்துக்கொண்டிருக்கிறார், மச்சான் அந்த இடம் முடிஞ்சிருச்சு மச்சான், மச்சான் அந்த இடம் முடிஞ்சிருச்சு மச்சான், அதையே மூன்றாம் தடவை போடுகிறார், முடிந்தால் முடிந்துபோகட்டுமே அய்யா. ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "உக்காருங்க சார், கூப்புடுவாங்க" என்றது. நான் கேட்டது அது இல்லை. நான் கேட்டதற்கு இன்றைக்கு ஒருவரும் பதில் சொல்லப்போவதில்லை.

நான் இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து எழுதிக் கொடுப்பது தொழில், இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். நேற்று இடித்தது என்று சொல்லிக் கூட்டிப்போவார்கள், நசுங்கலுக்குள் விரலை விட்டுத் தடவினால் உள்ளே பழைய துரு வரும், போன வருஷத்து அடியைப் புதுசு என்று காட்டுகிறான் என்று தெரிந்துவிடும், முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். என்னை ஏமாற்றியவன் கிடையாது. கதவுக் கைப்பிடி ஒன்றை மட்டும் கையில் கொடுங்கள், எந்த வண்டி, எந்த வருஷம் என்று சொல்கிறேன். வயிற்றுக்கு இந்த வேலை. மனசுக்கு இன்னொன்று. உலகம் பூராவும் நானூறு பேர் ஒரு குரூப்பில் இருக்கிறோம், ஓர்நெல்லாவும் அதில் இருக்கிறாள். பழைய இத்தாலியக் கம்பெனிகள் ஒரு புது மாதிரியை ஒன்றே ஒன்று செய்து ஓட்டிப் பார்ப்பார்கள், பிடிக்காவிட்டால் வெட்டிப் போட்டுவிடுவார்கள், போட்டோ மட்டும் மிஞ்சும், பின்பக்கம் ஒரு எழுத்து இருக்காது. அந்தப் பேர் இல்லாத வண்டிக்குப் பேர் சொல்வதுதான் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு, அந்த மரியாதைக்காக ஒருவரை ஒருவர் குதறிக்கொள்வோம். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓர்நெல்லா 'தெரியாதவை' என்று எழுதியிருந்த பெட்டியிலிருந்து ஒரு படத்தைப் போட்டாள். சின்னப் படம், ஓரம் வெட்டினது, கறுப்பு வெள்ளை. நீள மூக்கு வைத்த இரண்டு கதவு வண்டி, பின்னால் வெள்ளைச் சுவர், நம்பர் பிளேட் இல்லை, ஸ்டியரிங் வலப்பக்கம். ஒருவன் இங்கிலாந்து வண்டி என்றான், ஸ்டியரிங்கைப் பார்த்துவிட்டு. நான் விடவில்லை. லான்ச்சியா மாதிரிப் பெரிய வீட்டு இத்தாலியக் கம்பெனிகள், ஊரெல்லாம் இடது பக்கம் மாறின பிறகும் வெகு நாள் ஸ்டியரிங்கை வலப்பக்கமே வைத்திருந்தார்கள், மலைப் பாதையில் ஓரம் தெரியும், அது ஒரு கௌரவம், அது தெரியாமல் பேசாதே என்று எழுதினேன். பானட்டின் முன்பக்கம் குறுக்காக மூன்று வெள்ளைக் கோடு தெரிந்தது. காற்றுப் போக விட்ட மூன்று பிளவு, நடுவில் வட்டமாகக் கம்பெனி முத்திரை, பெல்லாண்டி அந்தக் காலத்தில் இரண்டு வண்டிக்கு அப்படி வைத்திருக்கிறார்கள். முன் டயருக்கு அடியில் இருந்தது சோதனைத் தளத்தில் சக்கரம் உருளாமல் வைக்கும் கட்டை. நாலு பக்கம் எழுதினேன். ஒரு வாரம் சண்டை போட்டார்கள், பிறகு ஒவ்வொருவனாக அடங்கினான். அன்றிலிருந்து அந்த வண்டிக்கு அந்த வட்டாரத்தில் சென்னியப்பன் பெல்லாண்டி என்றே பேர். என் பேர் ஒட்டியிருக்கிற பொருள் உலகத்தில் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் கரண்ட் பில்.

டோக்கன் பன்னிரண்டு உள்ளே போயிற்று. வெளியே வந்த பதினொன்றாம் டோக்கன்காரர் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு எல்லோரையும் குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போகிறார். எனக்கு வையாபுரியின் குரல்தான் கேட்கிறது. பார்த்ததே இல்லை அந்த ஆளை. கரூர், பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வரைபடம் போட்டு ஓய்ந்தவர், எப்படியோ எங்கள் குரூப்புக்குள் வந்துவிட்டார். நான் நாலு பக்கம் எழுதின அடுத்த மாதம் போன் வந்தது. "ஏனுங்க, சென்னியப்பன் சாருங்களா? கரூர்ல இருந்து வையாபுரிங்க. நீங்க எழுதியிருக்கறீங்கல்லங்க ஒரு கார், அது எங்கப்பா கட்டுன வண்டிங்க." நான் அப்போது பொள்ளாச்சி ரோட்டில் கவிழ்ந்து கிடந்த லாரி ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், வெயில், ஒரு கையில் டேப். என்ன ஆதாரமுங்க என்றேன். "ஆதாரம்னா... நான் அதுல உக்காந்து ஈரோடு வரைக்கும் போயிருக்கறேனுங்க." அப்போது உங்களுக்கு என்ன வயசு என்று கேட்டேன். "நாலு இருக்குமுங்க." நாலு வயசில் பார்த்ததை வைத்து நான் இத்தாலிக்காரனிடம் பேச முடியுமா என்றேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். மில் முதலாளி ஒருவர் கவிழ்ந்துபோன ஃபியட் ஒன்றைக் கொண்டுவந்து விட்டாராம், அடித்தளம் மட்டும் நன்றாக இருந்ததாம், பெல்லாண்டி புத்தகத்துப் படம் ஒன்றைக் காட்டி இதுமாதிரி கட்டித்தா என்றாராம், கட்டி முடித்ததும் போட்டோ எடுத்து அந்தக் கம்பெனிக்கே அனுப்பினாராம். கதை நன்றாக இருக்கிறது என்றேன். நான் தினமும் கேட்கிற கதைகளில் அதுவும் ஒன்று, எல்லோரும் நிறுத்தி நிதானமாகத்தான் சொல்வார்கள். அப்போது சொன்னார். "பானட்டுல பாருங்க சார். அது காத்துப் போற ஓட்டை இல்லீங்க. திருநீறுங்க. வண்டிய வெளிய எடுக்கறப்ப எங்கப்பா மூணு விரல்ல போட்டதுங்க. நடுவால இருக்கறது குங்குமமுங்க." நான் என்ன சொன்னேன். சொன்னது ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது, அதுதான் கொடுமை. "ஏனுங்க வையாபுரி, இத்தாலில எந்த முருகன் கோயில்ல பூசை போட்டாங்க?" என்னைவிடப் பதினைந்து வயசு பெரியவர். லாரி டிரைவர் பக்கத்தில் நின்று கேட்டுச் சிரித்தான், அவன் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. வையாபுரி சிரிக்கவில்லை. "அந்தப் போட்டோ எங்க வீட்ல இல்லீங்க. பெருசாக் கெடச்சா ஒண்ணு அனுப்பி வெக்கறீங்களா" என்றார். காப்பிரைட் இருக்குதுங்க என்று சொல்லிவிட்டேன். காப்பிரைட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அதோடு விட்டேனா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குளித்து, காபி குடித்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து குரூப்பில் எழுதினேன். நம் நண்பர் ஒருவர் பெல்லாண்டியின் காற்றுப் பிளவை விபூதி என்கிறார், இனிமேல் ரேடியேட்டரைத் தீர்த்தம் என்று எழுதலாமா. இத்தாலிக்காரனுக்கு விபூதி என்றால் என்னவென்று நானே விளக்கம் வேறு கொடுத்தேன். நாற்பத்தாறு பேர் சிரித்த முகம் போட்டார்கள். எண்ணினேன். என் ஊர்க்காரர் ஒருவரை, என் பாஷை பேசுகிறவரை, நானே கூட்டிக்கொண்டுபோய் அத்தனை வெள்ளைக்காரனுக்கு நடுவில் நிறுத்திச் சிரிக்க வைத்தேன். அவர் மறுநாள் குரூப்பை விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நான் எழுதின அந்த நக்கலுக்குக் கீழேயே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போட்டார். வார்த்தை இல்லை. அன்றிலிருந்து நான் எதைப் போட்டாலும் கட்டைவிரல். கதவுக் கீல் ஒன்றை அடையாளம் சொன்னால் கட்டைவிரல். பொங்கல் வாழ்த்துக்குக் கட்டைவிரல். என் அம்மா செத்ததற்கு அஞ்சலி என்று எல்லோரும் எழுதினபோது அதற்கு மட்டும் கைகூப்பினார், அடுத்த நாள் மறுபடி கட்டைவிரல். மற்றவர்கள் எழுதுவதற்குப் போட மாட்டார். எனக்கு மட்டும். ஏழு வருஷம் ஒரு நாள் தவறாமல், போட்ட பத்து நிமிஷத்துக்குள். முதலில் சிரித்தேன், பிறகு பிளாக் செய்யலாம் என்று பார்த்தேன், செய்தால் அந்த ஆளிடம் தோற்ற மாதிரி ஆகிவிடும். பிறகு ஒன்றை எழுதிப் போட்டதும் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பேன், வந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பேன். அந்த மனுஷனை நான் வெறுக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என்ன செய்தார் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் கிடையாது. கேட்டார், நான் கொடுக்கவில்லை, அவ்வளவுதான், அதற்காகத்தான் வெறுக்கிறேன்.

பதினொன்று இருபத்திரண்டு. போனை எடுத்து மறுபடி அந்த ஸ்கேனைத் திறக்கிறேன், திறக்காதே என்று சொல்லிக்கொண்டே திறக்கிறேன். இரண்டு விரலை வைத்து விரிக்கிறேன். பானட். மூன்று கோடு. பிளவு என்றால் ஓரம் வெட்டினது போல நேராக இருக்கும், உள்ளே இருட்டு இருக்கும். இது வெள்ளை. ஓரம் பிசிறு. நடுக்கோடு ஆரம்பத்தில் அழுத்தமாகவும் முடிவில் பொடியாகவும் இருக்கிறது, இடமிருந்து வலம் இழுத்த கை. நடுவில் இருக்கும் வட்டம் வட்டமே இல்லை, கீழ்ப்பக்கம் ஒரு சொட்டு வழிந்திருக்கிறது. முத்திரை வழியுமா. டயருக்கு அடியில் கட்டை இல்லை, எலுமிச்சம்பழம், இன்னும் ஏறி நசுக்கவில்லை, காம்புகூடத் தெரிகிறது. முன்னால் ஏழு வருஷமாக வெட்டுப்பட்டிருந்த இடது ஓரத்தில் இப்போது ஒரு கை தெரிகிறது, தோள் வரைக்கும், மட்கார்டின் மேல் வைத்திருக்கிறது, மேலே தோளில் ஒரு துண்டின் நுனி. ஆள் இல்லை, கை மட்டும். புஜத்திலும் மூன்று கோடு. போன ஆயுத பூஜைக்கு நான் என்ன செய்தேன். என் வண்டியைக் கழுவி நிறுத்தி, மனைவி ருக்குமணி தட்டை நீட்ட, திருநீற்றைக் குழைத்து மூன்று விரலால் பானட்டில் இழுத்தேன், குங்குமம் அவள் வைத்தாள், நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம், ரிவர்ஸ் எடுங்க, மெதுவா, ஏத்துங்க. வருஷா வருஷம் செய்கிறேன். என் கை அதே கோட்டை இழுத்திருக்கிறது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்ததற்கு நான் லான்ச்சியா வரைக்கும் போனேன், கௌரவம், மலைப் பாதை, நூறு வருஷத்துச் சரித்திரம், அத்தனையும் எழுதினேன். பிறந்ததிலிருந்து வலப்பக்கம் ஸ்டியரிங் இருக்கிற வண்டியைத் தவிர வேறு எதையும் ஓட்டினதில்லை, நம் ஊர் வண்டியாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியிருந்தால் போதும். தோன்றவே இல்லை. அழகாக இருந்தது அல்லவா வண்டி, அதனால் நம்முடையதாக இருக்காது என்று முடிவு செய்துவிட்டேன். இது இப்போதுதான் தெரிகிறது, தெரியாமலே இருந்திருக்கலாம்.

ருக்குமணி கூப்பிடுகிறாள். "என்னங்க, உள்ள கூப்ட்டாங்களா? பல்லப் புடுங்கச் சொன்னா சரின்னு சொல்லிராதீங்க." சரி. "புஸ்தகத்துக்குச் சொல்லியாச்சுங்களா? அண்ணன் வீட்டுக்கும் ஒண்ணு வேணும்னாங்க." சொல்லலாம் வை என்று வைத்துவிட்டேன். ஆமாம் என்று எழுதினால் என்ன. யாருக்குத் தெரியும். இத்தாலிக்காரன் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப்போகிறானா. ஓர்நெல்லாவே அந்தக் கையைப் பார்த்துவிட்டு, பட்டறை ஆள், கையில் பெயிண்ட் என்றுதான் எழுதியிருக்கிறாள், ஓரத்தை வெட்டிவிடட்டுமா என்றும் கேட்டிருக்கிறாள். வெட்டச் சொல்லலாம். சின்னதாகப் போடச் சொல்லலாம். கோடு மறுபடி பிளவாகிவிடும். நானூறு பேருக்கு நான் கண்டுபிடித்தவன், அண்ணன் வீட்டில் ஒன்று, ஆபீசில் ஒன்று. கண்டுபிடிக்கக்கூடிய ஆள் ஒருவர்தான், அவர் கட்டைவிரல் போடுவார், போட்டுக்கொள்ளட்டும். இல்லை என்று எழுதினால் அந்த நாற்பத்தாறு பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், விபூதி ஜோக்கை நானே எழுதி வைத்திருக்கிறேன், எடுத்து ஒட்டினால் போதும், அவர்களுக்கு வேலையே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஐம்பத்தேழு வயசில் மூக்கறுபடப் பயமாக இருக்கிறது. ஆனால் ஆமாம் என்று எழுதினால் நான் யார். பழைய நசுங்கலில் புதுப் பெயிண்ட் அடித்து, நேத்துத்தாங்க இடிச்சது என்று நிற்கிறவன். அவர்கள் கண்ணை எனக்குத் தெரியும், நேராகப் பார்க்க மாட்டார்கள், ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள். நான் முகத்துக்கு நேராகப் பொய் என்று சொன்னவர்கள் எத்தனை பேர், அதில் உண்மையாகவே நேற்று இடித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், உள்ளே துரு இருந்தால் பழசு என்று எழுதினேனே, மழை நாளில் ஒரு ராத்திரியில் துரு வராதா. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, இன்றைக்கு ஒரு வண்டி போதும். மச்சான் அந்த இடம் முடிஞ்சிருச்சு மச்சான். "சார், கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குத்தான் பல்லு, எனக்கு வேலை இருக்குதுங்க" என்றார். அவருக்கும் பல்தான், கன்னம் வீங்கியிருக்கிறது.

பதினான்கு. உள்ளே குளிர், கிராம்பு வாசனை, நாற்காலி என்னைக் கேட்காமலே சாய்கிறது. டாக்டர் சின்ன வயசுப் பெண், கண் மட்டும் தெரிகிறது. எந்தப் பல் என்றார். விரலை உள்ளே விட்டுக் காட்டினேன், கீழே, கடைசிக்கு முந்தினது. எக்ஸ்ரே எடுத்தார், திரையில் பார்த்தார், பல்லைத் தட்டினார், மறுபடி பார்த்தார். "சார், நீங்க காட்டற பல்லு நல்லா இருக்குது. கெட்டுப் போயிருக்கறது மேல் பல்லு. வலி கீழ இறங்கித் தெரியும்." எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "டாக்டர், வாய் என்னுது. எந்தப் பல்லு வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" அவர் திரையை என் பக்கம் திருப்பினார். கீழ்ப் பல் முழுசாக இருந்தது, வேர் வரைக்கும் வெள்ளையாக. மேலே ஒரு கறுப்பு ஓட்டை. பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். சரிங்க என்றேன். ஊசி மேல் ஈறில் ஒன்று, கீழும் தொந்தரவு பண்ணும் என்று கீழே ஒன்று. உதடு கனத்தது, பிறகு உதடே இல்லை, கன்னம் யாருடையதோ மாதிரி ஆயிற்று. நன்றாக மரத்துப்போக இருபது நிமிஷம் ஆகும், வெளியே உட்காருங்க, மறுபடி கூப்பிடறேன் என்றார். மணி பதினொன்று நாற்பத்தாறு.

நான் வெளியே உட்காரவில்லை. படிக்கட்டுக்கு வந்துவிட்டேன். ஆடிக் காற்று கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடையின் பேனரைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. இல்லை என்று எழுதிவிடலாம் என்று போனை எடுத்தேன். இது பெல்லாண்டி இல்லை, கரூரில் கட்டியது, கட்டியவர் என்று தட்டிக்கொண்டே வந்தவன் அங்கே நின்றேன். கட்டியவர் யார். பேர் தெரியாது. ஏழு வருஷத்தில் நான் கேட்கவே இல்லை. கவிழ்ந்த ஃபியட், மில் முதலாளி, ஈரோடு எல்லாம் தெரியும், அந்தக் கைக்குப் பேர் தெரியாது. பேர் இல்லாத வண்டிக்குப் பேர் சொல்கிறவன். வையாபுரியின் நம்பர் இன்னும் போனில் இருந்தது, கரூர் விபூதி என்று போட்டு வைத்திருக்கிறேன், அதைப் பார்த்ததும் போனைக் கீழே போட்டுவிடலாம் போல இருந்தது. அடித்தேன். இரண்டாம் மணியில் எடுத்துவிட்டார். "அலோ, யாருங்க?" சென்னியப்பன் என்றேன். உதடு ஒட்டவில்லை, கொழகொழவென்று ஏதோ வந்தது. "யாருங்க? பகல்லயே குடிச்சிருக்கறீங்களா?" மூன்று தடவை சொன்னேன். பல் டாக்டரிடம் வந்தேன், வாய் மரத்துப்போயிற்று என்று எச்சில் சட்டையில் வழியச் சொன்னேன். "சென்னியப்பன் சாருங்களா" என்றார். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "போட்டோ பெருசா வந்திருக்குதுங்க. திருநீறுதானுங்க. நான்தான் தப்புங்க. புஸ்தகத்துல போடறாங்க, பன்னெண்டு மணிக்குள்ள சொல்லோணும். உங்கப்பா பேரு என்னங்க?" இதை அவர் புரிந்துகொள்ள நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, நான்தான் தப்பு என்பதையும் இரண்டு தடவை.

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "நீங்க எழுத வேண்டாமுங்க" என்றார். இல்லீங்க, பேர் மட்டும் என்று ஆரம்பித்தேன். "ஏழு வருசம் உங்க பேர்ல ஓடுச்சுங்க. எங்கப்பா பேரு உங்க கையால அதுல ஏற வேண்டாம். அந்தம்மா கேட்டா நான் சொல்லிக்கறேன்." குரல் உயரவே இல்லை. "போட்டோவ மட்டும் அனுப்புங்க. காப்பிரைட்டு இருந்தா வேண்டாமுங்க." வைத்துவிட்டார்.

ஒரு கணம் எனக்குக் கோபம்தான் வந்தது, பாருங்கள் என் புத்தியை, இவ்வளவு இறங்கி வந்து கேட்டேனே என்று. அது போனதும் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. பதினொன்று ஐம்பத்தேழு. எழுதினேன். இல்லை. இது பெல்லாண்டி இல்லை. கரூரில் கட்டியது. பானட்டில் இருப்பது பிளவு அல்ல, விபூதி. கட்டியவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் மகனின் எண் கீழே இருக்கிறது, அவரைக் கேளுங்கள். என் பெயரை எடுத்துவிடுங்கள், ஓரத்தில் இருக்கும் கையை வெட்டாதீர்கள். தெரியாது என்று அந்த அம்மாளுக்கு நான் எழுதியது அதுதான் முதல் தடவை. இன்றைக்கு அந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டேன், நன்றி என்று உடனே பதில் வந்தது. பிறகு பெரிய ஸ்கேனை வையாபுரிக்கு அனுப்பினேன். அனுப்பும்போது ஒரு வரி எழுதலாம் என்று பார்த்தேன், விரல் ஓடவில்லை, படம் மட்டும் போயிற்று. சுற்றிச் சுற்றி ஏறியது. இரண்டு டிக் விழுந்தது. நீலமாயிற்று. பார்க்கிறார். நான்கு வயசில் ஏறி உட்கார்ந்த வண்டி, மட்கார்டின் மேல் ஒரு கை, விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே ரிசப்ஷன் பெண் பதினான்கு, பதினான்கு என்று கூப்பிட்டது. வர்றேன் என்று சொன்னது வார்த்தையாக வரவில்லை. படியிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எச்சில் வழிவதுகூடத் தெரியாமல், ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், இருபது நிமிஷம். கட்டைவிரல் வரவில்லை.